கூட்டு வாடகை வீட்டில் ஒருவர் பாதியில் கிளம்பினால்... கைகொடுக்கும் 20 குறிப்புகள்

சேலம், நாமக்கல் பக்கம் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பது சாதாரணம். பெரியார் பல்கலைக்கழகம், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள கல்லூரிகள் என்று படிக்க வருபவர்கள் ஒரு பக்கம். மருத்துவமனை, கோழிப்பண்ணை நிறுவனம், லாரி பாடி கட்டும் பட்டறை என்று வேலைக்கு வருபவர்கள் இன்னொரு பக்கம். பிள்ளையின் பிளஸ் டூ, நீட் படிப்புக்காக நாமக்கல்லில் வீடு பிடித்துச் சேர்ந்து தங்கும் அம்மாக்களும் உண்டு. குடியேறும் நாளில் யாருக்கும் மனத்தாங்கல் இருப்பதில்லை. ஒருவர் பாதியில் மூட்டை கட்டும்போதுதான் கேள்விகள் வரும். அவர் பங்கு வாடகையை யார் கொடுப்பது? அவர் போட்ட அட்வான்ஸ் எப்போது திரும்பும்? இந்தக் கேள்விகளுக்கு வீட்டுக்குள் நுழையும் முன்பே பதில் எழுதி வைத்துவிட்டால், பணமும் நட்பும் சேர்ந்தே தப்பிக்கும்.

குடியேறும் முன்

1. ஒப்பந்தம் இரண்டு வேண்டும்
வீட்டுக்காரரோடு போடும் வாடகை ஒப்பந்தம் ஒன்று. சேர்ந்து தங்குபவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் இன்னொன்று. இந்த இரண்டாவதை எழுதாமல் விடுவதால்தான் பெரும்பாலான சண்டைகள் வருகின்றன. யார் பங்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தர வேண்டும், பாதியில் போனால் என்ன செய்வது என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஆளுக்கொரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. எல்லோர் பெயரும் ஒப்பந்தத்தில் ஏறட்டும்
"ஒருத்தர் பேர்ல எழுதிக்கலாம், மத்தவங்க கூட இருந்துக்கட்டும்" என்று வீட்டுக்காரர்கள் சொல்வதுண்டு. அதற்கு ஒத்துக்கொண்டால், சட்டத்தின் கண்ணில் அந்த ஒருவர்தான் வாடகைதாரர். அவர் காலி செய்துவிட்டால், மற்ற மூவருக்கும் அந்த வீட்டில் இருக்க எழுத்துப்பூர்வமான ஆதாரம் எதுவும் இருக்காது. அட்வான்ஸும் அவர் பெயரில்தான் திரும்பும். தங்கும் எல்லோருடைய பெயரும் ஆதார் நகலும் ஒப்பந்தத்தோடு இருப்பது வீட்டுக்காரருக்கும் நல்லது.

3. நால்வரும் கையெழுத்திட்டால் நால்வரும் முழுப் பொறுப்பு
இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 43-ஆவது பிரிவை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் சேர்ந்து ஒரு வாக்குக் கொடுத்தால், வேறு மாதிரி எழுதாதவரை, அதில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். வாடகை 12,000 ரூபாய் என்றால் "என் பங்கு 3,000 மட்டும்தான்" என்று வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது. அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. முழுத் தொகையைக் கட்டியவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்டு வாங்கலாம். ஒருவரிடமிருந்து வசூலாகவில்லை என்றால் அந்த நட்டத்தை மீதிப் பேர் சமமாகச் சுமக்க வேண்டும். ஓடிப்போனவரின் 3,000 ரூபாய் மிச்சமிருக்கும் மூவர் தலையில் ஆளுக்கு 1,000 என்று விழும்.

4. அறைவாரியாக எழுத முடியுமா என்று கேளுங்கள்
மேலே சொன்ன பாரத்தைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. "இன்னார் தம் பங்கான 3,000 ரூபாய்க்கு மட்டும் பொறுப்பு" என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லலாம். இல்லையென்றால் ஒவ்வொரு அறைக்கும் தனி ஒப்பந்தம் கேட்கலாம். எல்லா வீட்டுக்காரர்களும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் மேல்மாடியை அறை அறையாக விடுபவர்கள் பலர் சம்மதிப்பார்கள். கேட்பதில் தப்பே இல்லை.

5. ஒப்பந்தக் காலம் உங்கள் தேவைக்குப் பொருந்தட்டும்
நம் ஊரில் 11 மாத ஒப்பந்தம்தான் வழக்கம். ஜூன் 1-இல் தொடங்கினால் ஏப்ரல் 30-இல் முடிந்துவிடும். ஆனால் நீட் தேர்வு பெரும்பாலும் மே முதல் வாரத்தில்தான் நடக்கிறது. பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது வீட்டைக் காலி செய்யும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. ஒரு மாத நீட்டிப்பை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வேலைக்குப் போகிறவர்கள், யாருக்கு மாற்றல் வரலாம், யாருக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்பதைச் சேரும்போதே வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

6. நோட்டீஸ் காலத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்
மாத வாடகைக்கு இருப்பவர் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 106-ஆவது பிரிவு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும். "ஆறு மாதத்துக்குள் காலி செய்தால் அட்வான்ஸில் ஒரு மாத வாடகை பிடித்தம்" என்பது போன்ற வரி இருந்தால், ஒருவர் மட்டும் போனாலும் அது பொருந்துமா, எல்லோரும் போனால்தானா என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குள் போடும் ஒப்பந்தத்தில் ஒரு மாத நோட்டீஸாவது இருக்கட்டும்.

7. பாதியில் போகிறவர் எதுவரை பணம் தர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்
நியாயமான ஏற்பாடு இது: கிளம்புகிறவர் தம் இடத்துக்கு ஆள் வரும் வரை, அதிகபட்சம் இரண்டு மாதம், தம் பங்கைத் தர வேண்டும். அதற்குள் ஆள் கிடைத்துவிட்டால் அன்றோடு அவர் பொறுப்பு முடியும். இரண்டு மாதத்துக்குப் பிறகும் ஆள் வரவில்லை என்றால் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். அப்பா உடம்பு சரியில்லை, வேலை போய்விட்டது என்று தவிர்க்க முடியாமல் போகிறவருக்கு இதை ஒரு மாதமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கஷ்டத்தில் போகிற நண்பரைக் கடனாளியாக்கி அனுப்ப வேண்டாம்.

8. அட்வான்ஸ் அவரவர் கணக்கிலிருந்தே போகட்டும்
தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பது அதில் உள்ள விதி. நால்வரும் ஒருவரிடம் ரொக்கமாகக் கொடுத்து, அவர் மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுப்பதைத் தவிருங்கள். ஆளாளுக்கு வங்கி வழியாகவோ கூகுள் பே, போன் பே வழியாகவோ அனுப்பினால், யார் எவ்வளவு போட்டார் என்பதற்குத் தனிச் சாட்சி தேவையில்லை. ரொக்கம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பெயர்வாரியாக ரசீது வாங்குங்கள்.

9. போக்கியம் என்றால் இரட்டைக் கவனம்
மாத வாடகை இல்லாமல் மொத்தத் தொகை கொடுத்து எடுக்கும் வீட்டை இங்கே போக்கியம் என்றும் லீஸ் என்றும் சொல்கிறோம். இரண்டு பேர் ஆளுக்கு 2 லட்சம் போட்டு எடுத்த வீட்டிலிருந்து ஒருவர் பாதியில் கிளம்பினால் சிக்கல் பெரிது. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைக் கடனை அடைக்கவோ தொழிலில் போடவோ வாங்கியிருப்பார். காலம் முடியும் முன் பாதியை எடுத்துத் தர அவர் கையில் பணம் இருக்காது. யார் பங்கு எவ்வளவு, இடையில் போனால் எத்தனை மாதத்தில் திருப்பித் தருவது என்று எழுதாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வீட்டின் மீது கடன் இருக்கிறதா என்று பதிவுத்துறையில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதும் அவசியம்.

10. பதிவு செய்யுங்கள்
அதே 2017 சட்டப்படி, நகர்ப்புறங்களில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவும் செய்ய வேண்டும். இதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. சேலம், நாமக்கல் மாநகராட்சிகளிலும், ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம், ஆத்தூர் போன்ற நகராட்சிகளிலும் வீடு எடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. சில கல்லூரிகளைச் சுற்றியுள்ள வீடுகள் கிராம ஊராட்சி எல்லைக்குள் வரும். உங்கள் வீடு எந்த எல்லையில் இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

11. பொதுப் பொருளைப் பங்கு போட்டு வாங்காதீர்கள்
வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் நால்வரும் காசு போட்டு வாங்கினால், போகிறவர் தம் பங்கைக் கேட்பார். பழைய பொருளுக்கு விலை பேசுவதில் மனக்கசப்பு வரும். ஒருவர் ஃபிரிட்ஜ், இன்னொருவர் வாஷிங் மெஷின், மற்றொருவர் அடுப்பு என்று ஆளுக்கொன்றை வாங்குங்கள். போகும்போது அவரவர் பொருளை அவரவர் எடுத்துச் செல்லலாம்.

ஒருவர் கிளம்பும்போது

12. வாயால் சொன்னால் போதாது
வீட்டுக்காரருக்கும் கூட இருப்பவர்களுக்கும் ஒரே நாளில் எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் உதவும். இப்படி அனுப்பலாம்: "வணக்கங்க அண்ணா. மேல்மாடி வீட்டில் இருக்கும் நால்வரில் நான் மட்டும் அடுத்த மாதம் 30-ஆம் தேதி காலி செய்கிறேங்க. மற்ற மூவரும் தொடர்ந்து இருப்பார்கள். என் இடத்துக்கு ஆள் பார்க்கிறோம், உங்களிடம் அழைத்து வந்து காட்டிய பிறகே சேர்ப்போங்க. என் அட்வான்ஸ் பங்கு 9,000 ரூபாய் பற்றி நேரில் பேசலாங்க." தேதி, தொகை, தொடர்ந்து இருப்பவர்கள் யார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

13. ஆடியையும் மார்கழியையும் கணக்கில் வையுங்கள்
ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டுக்குக் குடிபோக நம் குடும்பங்கள் தயங்கும். சேலத்தில் ஆடி முழுக்க மாரியம்மன் பண்டிகை வேறு. ஆனி கடைசியில் ஒருவர் கிளம்பினால், அந்த இடத்துக்கு ஆவணி பிறந்த பிறகுதான் ஆள் வரக்கூடும். குடும்பங்கள் சேர்ந்து இருக்கும் வீடு என்றால் இது கட்டாயம் பாதிக்கும். முடிந்தால் வைகாசியிலேயே சொல்லிவிடுங்கள். மாணவர்கள் தங்கும் வீட்டுக்கு ஆள் தேட, கல்லூரி திறக்கும் சமயம்தான் நல்ல நேரம்.

14. மாற்று ஆளுக்கு எல்லோர் சம்மதமும் வேண்டும்
வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதை 2017 சட்டம் தடுக்கிறது. அதனால் "என் ஃப்ரெண்ட் வந்து தங்கிக்குவான்" என்று சாவியைக் கைமாற்றிவிட்டுப் போகக் கூடாது. தொடர்ந்து இருப்பவர்களின் சம்மதமும் அதே அளவு முக்கியம். பெண்கள் சேர்ந்து தங்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். வருகிறவரை நேரில் பார்த்து, வேலை செய்யும் அல்லது படிக்கும் இடத்தை விசாரித்து, ஆதார் நகல் வாங்கிய பிறகே சேருங்கள். சைவமா அசைவமா, இரவு எத்தனை மணிக்குள் கேட் பூட்டுவது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

15. ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதுங்கள்
ஆள் மாறியும் பழைய ஒப்பந்தமே தொடர்ந்தால், போனவரின் பெயர் பொறுப்பிலேயே இருக்கும். எட்டு மாதம் கழித்து வாடகை பாக்கி விழுந்தால் அவருக்கும் நோட்டீஸ் போகலாம். போகிறவர், வருகிறவர், தொடர்கிறவர்கள், வீட்டுக்காரர் எல்லோரும் கையெழுத்திட்ட புதிய ஒப்பந்தம்தான் நிம்மதி. "நீ போப்பா, உன்னை நான் கேட்க மாட்டேன்" என்று வீட்டுக்காரர் ஒருவரை விடுவித்தாலும் மற்றவர்களின் பொறுப்பு குறையாது. விடுவிக்கப்பட்டவரும் கூட இருந்தவர்களுக்குத் தர வேண்டியதைத் தந்தே ஆக வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது.

16. அட்வான்ஸை வீட்டுக்காரரிடம் பாதியில் எதிர்பார்க்காதீர்கள்
காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒருவர் மட்டும் போனால் வீடு காலியானதாக ஆகாது, சாவி இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் போகிறவரின் பங்கைப் புதிதாக வருகிறவரிடமிருந்து வாங்கித் தருவதுதான் நடைமுறை. அட்வான்ஸ் 36,000 என்றால் வருகிறவர் 9,000 ரூபாயைப் போகிறவருக்கு நேராக அனுப்பட்டும். போகிறவரிடம் பாக்கியோ, அவர் உடைத்த பொருளோ இருந்தால் அதைக் கழித்து, அந்தத் தொகையைத் தொடர்ந்து இருப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கடைசியில் பெயிண்ட் அடிக்கப் பிடிக்கும் தொகையில் அவர் பங்கு எவ்வளவு என்பதையும் அன்றே பேசி முடியுங்கள்.

17. கரண்ட் பில்லை ஆள்-நாள் கணக்கில் பிரியுங்கள்
நமக்கு மின்கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். இடையில் போகிறவர் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. பில் 1,800 ரூபாய், 60 நாள். மூவர் 60 நாளும் இருந்தார்கள், ஒருவர் 20 நாள் மட்டும். மொத்தம் 200 ஆள்-நாள். ஒரு ஆள்-நாளுக்கு 9 ரூபாய். போனவர் பங்கு 180, மற்றவர்கள் ஆளுக்கு 540. வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டர் என்றால் கிளம்பும் அன்று ரீடிங்கைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புங்கள். தண்ணீர் லாரி, வைஃபை செலவுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

18. கேஸ், சாவி, சுவர்
கேஸ் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரோடுதான் போகும். அவர் போனபின் அதே சிலிண்டரை மற்றவர்கள் பயன்படுத்துவது சரியில்லை. அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் தற்காலிகத் தேவைக்கு உதவும். போகிறவரிடமிருந்து வீட்டுச் சாவி, கேட் சாவி இரண்டையும் திரும்ப வாங்குங்கள், வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். சுவர், குழாய், கதவு, கழிப்பறை எல்லாவற்றையும் அன்றே வீடியோ எடுத்தால், பின்னால் வரும் சேதத்துக்குப் போனவரைக் குறை சொல்ல இடமிருக்காது.

தகராறு வந்தால்

19. உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள், உதவியையும் நாடுங்கள்
ஒருவர் பங்கு வரவில்லை என்பதற்காக வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது, சட்டம் அதைத் தடுக்கிறது. வாடகை கட்டினால் ரசீது கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதே சமயம் பாக்கி சேர்ந்தால் வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றம் போகலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஓடிப்போனவரின் பங்கை முதலில் கட்டிவிட்டு, பிறகு அவரிடம் வசூல் செய்வதே தொடர்ந்து இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் சேலம், நாமக்கல் நீதிமன்ற வளாகங்களில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். கட்டணமில்லா எண் 15100.

20. வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்
இங்கிருந்து லண்டன் போய் நால்வராக வீடு எடுக்கும் மாணவர்களுக்கும் இதே பிரச்சினை வரும், ஆனால் சட்டம் வேறு. காலவரையறை இல்லாமல் மாதம் மாதம் தொடரும் கூட்டு வாடகையில் ஒருவர் மட்டும் முறையாக நோட்டீஸ் கொடுத்தாலே எல்லோருடைய வாடகை உரிமையும் முடிந்துவிடும் என்று அந்நாட்டின் பிரபுக்கள் சபை 1991-இல் தீர்ப்பளித்தது. மற்றவர்களின் சம்மதம்கூடத் தேவையில்லை. கையெழுத்துப் போடும் முன் கல்லூரியின் மாணவர் உதவி மையத்தில் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கணக்கு எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் இப்படி எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள்: "வாடகை, அட்வான்ஸ், மின்கட்டணம் அனைத்தும் இன்றோடு தீர்ந்தது. ஒருவருக்கொருவர் பாக்கி இல்லை." தேதியும் தொகையும் அதில் இருக்கட்டும். இப்போது கூட்டாகத் தங்கியிருப்பவர்கள் உங்கள் ஒப்பந்தத்தை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். யாருடைய பெயர் விட்டுப்போயிருக்கிறது, யாருடைய அட்வான்ஸுக்கு ரசீது இல்லை என்று பார்த்து, எல்லோரும் ஒன்றாக இருக்கும்போதே சரிசெய்துகொள்ளுங்கள்.